கூட்டாத தோட்டம்

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள். "நெற்குப்பையா?" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விளக்கத்தை, வங்கி வேலையில் மாற்றலாகிப் போன ஊரெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். அதற்கும் மசியாதவர்களிடம் சோமலெ பிறந்த ஊர் என்பேன். தமிழ்நாட்டை மாவட்டம் மாவட்டமாக எழுதிவைத்தவர். என் தலைமுறை வரையாவது அந்தப் பெயருக்கு மரியாதை இருந்தது.

ஆனால் குப்பையின் அருமை எனக்கு நிஜமாகவே தெரிந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஒரு கடற்கரைத் தோட்டத்தைப் பாழாக்கிய கதை இருக்கிறது. அதற்கும் முன்னால் அப்பத்தா இருக்கிறாள்.

அப்பத்தா வீட்டு முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டித் தோட்டத்துக் கதவு வரை ஒரே நேராகத் தெரியும். கதவுக்கு அப்பால் ஒரு பெரிய வேம்பு, வேலியோரம் கல்யாண முருங்கை, ஒரு கொடுக்காப்புளி, கிணற்றடியில் வாழையும் கறிவேப்பிலையும். நட்டது பாதி, காக்கை எச்சத்தில் முளைத்தது பாதி. காலையில் வாசலில் தொடங்கும் விளக்குமாறு வீடு முழுக்கச் சுற்றிவிட்டுக் கிணற்றடியோடு நின்றுவிடும். அதைத் தாண்டிக் கூட்டக் கூடாது என்பது அப்பத்தா போட்ட சட்டம். வேம்பு மாசியில் உதிர்க்கும் இலை அத்தனையும் மரத்தடியிலேயே கணுக்கால் உயரம் கிடக்கும்.

புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அந்தச் சருகையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிட்டாள். அப்பத்தா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு வேப்பமரத்தடியைக் காட்டினாள்.

"பாரு ஐயா, குருவி வந்து முழிக்குது."

ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் வெறுந்தரையில் நின்று ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் சாப்பாடே சருகுக்கு அடியில்தான். அலகால் ஒரு இலையைத் தட்டிப் பக்கவாட்டில் எறியும். தலையைச் சாய்த்து உற்றுப் பார்க்கும். கரையானோ பூச்சியோ தென்பட்டால் ஒரு கொத்து. அடுத்த இலை. ஒன்று மட்டும் மேலே ஏதாவது கிளையில் காவல் நிற்கும். கூட்டம் ஒரு மணி நேரம் மேய்ந்துவிட்டுப் போனால், பலகாரம் தேடிப் பிள்ளைகள் பெட்டியைக் குடைந்த மாதிரி மரத்தடி கலைந்து கிடக்கும். அன்று குடைய ஒன்றும் இல்லை.

இன்னொரு சட்டம் உரல். ஒரு பக்கம் விண்டுபோன ஆட்டுரல் ஒன்று வேப்பமரத்து நிழலில் கிடந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரை அதில் தினமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றுவதற்கு முன் பழைய தண்ணீரைச் சாய்த்து, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஒருநாள் காலையில் ஒரு அணில் பிள்ளை அதில் செத்து மிதந்தது. குழியின் சுவர் வழவழப்பு, ஏற முடியவில்லை. அப்பத்தா உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்து, உள்ளே சரிவாக, படி மாதிரி சாத்தி வைத்தாள். அன்றிலிருந்து ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அதுவரை விளிம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துபோன சின்னக் குருவிகள், சில்லில் இறங்கி நின்று குளிக்கத் தொடங்கின. ஆழத்தில் எந்தக் குருவியும் குளிக்காது. விரற்கடைத் தண்ணீர்தான் வேண்டும்.

பத்து மணிக்கு மேல் உரலடியில் ஒரு வரிசை உண்டு. முதலில் காகம், எங்கிருந்தோ தூக்கி வந்த காய்ந்த முறுக்கைத் தண்ணீரில் நனைத்து ஊறவைத்துத் தின்னும். அது போனபின் மைனா ஜோடி. பிறகு தவிட்டுக்குருவிப் பட்டாளம். அவை குடிக்கிறபோது வேறு யாருக்கும் இடமில்லை. கொண்டையும் வாலடிச் சிவப்புமாக இரண்டு சின்னான்கள் கறிவேப்பிலையில் உட்கார்ந்து முறை வரும்வரை பொறுத்திருக்கும். எல்லாப் பறவையும் அலகில் அள்ளித் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா மட்டும் மாடு குடிப்பதுபோல் அலகை முக்கி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை எனக்குக் காட்டியவள் அப்பத்தாதான். ஒருநாளும் அவள் பறவைப் புத்தகம் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஊரணியும் கண்மாயும் கிணறும்தான். மழை பெய்தால் ஓட்டிலிருந்து வளவுக்குள் கொட்டும் தண்ணீரை அண்டாவில் பிடித்து மூடிவைக்கிற ஜனம். அந்த வீட்டில் குருவிக்கென்று ஒரு குடம் தண்ணீரை ஒதுக்குவது சின்னச் செலவு இல்லை. பக்கத்தில்தான் பிரான்மலை, பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்புமலை அதுதான் என்று வாத்தியார் சொன்னதை வந்து சொன்னேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "தேரைக் குடுத்தாரு சரி, தண்ணி யாரு ஊத்துனது?" என்றாள்.

பறவை பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கைகாட்டும் இடம் வேட்டங்குடி. 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள். நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். அவை மிரண்டுவிடக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. இதைப் பற்றிப் பத்திரிகைகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் எழுதுகின்றன, எழுதட்டும், தகும். ஆனால் அது மழைக்காலத்துக் கதை. மாசி, பங்குனியில் கண்மாய் வற்றத் தொடங்கியதும் அந்த விருந்தாளிகள் கிளம்பிவிடும். கோடையில் நம்மோடு வெயிலில் கிடப்பவை சின்னானும் மைனாவும் தேன்சிட்டும் செம்போத்தும்தான். அவற்றுக்குச் சரணாலயம் என்று யாரும் பலகை நடுவதில்லை.

1991-ல் தொண்டிக்கு மாற்றலானேன். தேவகோட்டை, திருவாடானை தாண்டிப் போக வேண்டும். கடலைப் பார்த்த வாடகை வீடு, சுற்றிலும் வெறும் மணல். எங்கள் ஆட்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு சிக்கலானது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நகரத்தார் சொல்லிக்கொள்ளும் வரலாறு. மேடு கட்டித் தரையை உயர்த்தி வீடு எழுப்புவதற்கு, கடல் உள்ளே வந்த பழைய பயம்தான் காரணம் என்பார்கள். பிற்பாடு அதே கடலைத் தாண்டிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ச் சம்பாதித்து, பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து தூண் நிறுத்தினார்கள். அப்பத்தா அப்போது இல்லை. இருந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு வந்து தங்கியிருக்க மாட்டாள்.

எனக்கோ தோட்டம் போடும் ஆசை. கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுத் தோட்டப் புத்தகம் ஒன்று கொடுத்தார். கடற்கரையில் கோடைப் பறவைகளை வரவழைக்கும் தோட்டம் எப்படி என்று அதில் ஒரு அத்தியாயமே இருந்தது. புல்வெளி, வண்ணப் பூப்பாத்தி, நடுவில் தூண் மேல் கிண்ணம், தீனிப் பெட்டி. படங்கள் கண்ணைப் பறித்தன. ஒரு நர்சரியில் சொன்னேன். எல்லாம் கடற்கரைக்குத் தாங்கும் என்று சத்தியம் செய்து, குரோட்டன்ஸும் அலங்காரப் பனையும் கொரியன் புல்லும் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி மணலில் போனது.

கார்த்திகையில் வாடைக் காற்று தொடங்கியது. வடகிழக்கிலிருந்து கடலைத் தடவிக்கொண்டு வரும் காற்று. ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் நுனியிலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டே வந்தன, தீயில் வாட்டியதுபோல. தை முடிவதற்குள் குரோட்டன்ஸ் குச்சியாகிவிட்டது. புல் மட்டும் தாக்குப்பிடித்தது. அதற்கு என்று போர் போட்டு, மோட்டார் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். சித்திரையில் அந்தத் தண்ணீரே கரிக்க ஆரம்பித்தது. பத்து நாளில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அந்தக் கோடை முழுக்க என் தூண் கிண்ணத்தில் உட்கார்ந்தவை காகங்கள் மட்டும். வெட்டவெளியில், ஒதுங்க ஒரு செடிகூட இல்லாத இடத்தில் எந்தச் சின்னக் குருவி இறங்கும்? வல்லூறு ஒன்று மேலே சுற்றினால் போதும்.

பக்கத்து வீட்டில் ஒரு மரக்காயர் பெரியவர். இத்தனை நாளும் திண்ணையில் இருந்து வேடிக்கை பார்த்தவர், புல் செத்த வாரத்தில்தான் வேலிப் பக்கம் வந்தார்.

"செட்டியாரே, பேங்குல கணக்குப் பாக்குறீங்க. இந்தக் கணக்குத் தெரியலையே" என்றார்.

"என்ன கணக்கு, பாய்?"

கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். அலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெண்கள் மணலில் முழங்கை ஆழம் பறித்த ஊற்றிலிருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடித்துப் பார்க்கச் சொன்னார். நல்ல தண்ணீர். கடலுக்கு இத்தனை கிட்டே!

மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. தலைகீழாகச் சொன்னால், மோட்டார் வைத்து மேலே ஒரு அடியைக் குறைத்தால் அடியிலிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். சிரட்டையால் மொள்ளுகிறவர்களுக்கு அது ஏறுவதில்லை. படித்துத் தெரிந்துகொண்டது பின்னால்தான். அன்று எனக்கு நாக்கில்தான் தெரிந்தது.

அந்த ஐப்பசியில் பாய் சொன்னபடி நட்டோம். கடலைப் பார்த்து அடும்பங்கொடி. அது தானாகவே மணலைப் பிடித்துக்கொண்டு படர்ந்தது. அடுத்து பனையோலைத் தட்டி. தட்டியின் மறைவில் பூவரசும் புன்னையும். பூவரசுக்குக் கை பருமனில் போத்து வெட்டி நட்டாலே போதும். குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, அதன்மேல் கண்மாய் வண்டலும் எருவும் கலந்து போட்டோம். மட்டை குடித்துவைத்த தண்ணீரை வேர் மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானை. வாரத்துக்கு இரண்டு முறை பானையை நிரப்பினால் ஆயிற்று. வேலியோரம் சோற்றுக்கற்றாழை. மூலையில் தானாக முளைத்திருந்த உகா மரத்தை, குரோட்டன்ஸ் நட்டபோது வெட்டிவிட்டிருந்தேன். அது மறுபடி தழைத்து வந்ததை இந்த முறை தொடவில்லை.

பாய்க்குப் புன்னை மேல் தனிப் பிரியம். அதன் கொட்டையை மணலில் புதைத்து முளைக்கவைத்துக் காட்டினார். அதைப் பார்த்ததும் கல்லூரியில் படித்த நற்றிணைத் தலைவி நினைவுக்கு வந்தாள். தோழிகளோடு வெண்மணலில் விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்து மரமாகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த அந்தப் புன்னையை உன் உடன்பிறப்பு என்று தாய் சொல்லிவிட, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாகிவிடுகிறது. பாயிடம் சொன்னேன். "நெய்யெல்லாம் எதுக்கு, அது பாட்டுக்கு வளரும்" என்றார்.

1993 கோடையில் கற்றாழை பூத்தண்டு விட்டது. முதலில் வந்தது ஊதாத் தேன்சிட்டு. அதற்கடுத்த கோடைக்குள் பூவரசு என் தோள் தாண்டிவிட்டது, மஞ்சள் பூக்கள் மாலையில் சிவந்து உதிர்ந்தன. உகாவில் பழம் பிடித்த வாரம் மைனாக்களும் சின்னான்களும் ஒரே சண்டை. தூண் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு மண்சட்டியைப் பூவரசு நிழலில் தரையோடு வைத்து, உள்ளே ஒரு ஓட்டுச் சில்லைச் சாத்தினேன். சாத்தும்போது கை கொஞ்சம் நின்றது.

அந்த வருஷம் தேன்சிட்டு துணி காயப்போடும் கயிற்றின் முனையில் கூடு கட்டியது. கட்டியதெல்லாம் பெட்டைதான், ஆண் பக்கத்தில் இருந்து பாடியது, அவ்வளவே. சிலந்தி நூலால் முதலில் ஒரு முடிச்சு. அதில் நார், தும்பு, உலர்ந்த இலைத் துணுக்கு என்று ஒவ்வொன்றாகக் கோத்துத் தொங்கவிட்டது. வெளிப்பக்கம் மரப்பட்டைச் சிம்பும் புழு எச்சமும் ஒட்டி, பார்ப்பதற்குக் காற்றில் சிக்கிய குப்பை மாதிரியே செய்துவிட்டது. விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், "கயித்துல என்ன ஒட்டடை?" என்று தட்டிவிடக் கையை நீட்டினார். என் மனைவி போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த காபி சிந்தியது. இரண்டு குஞ்சுகள் பறக்கும்வரை எங்கள் வீட்டுத் துணி எல்லாம் வேலியில்தான் காய்ந்தது.

மேல்நாட்டுப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊர்களில் கோடை என்றால் நீண்ட பகல், பூச்சி, பூ, வயிறு நிறையத் தீனி. பறவை சந்தோஷமாக இருக்கும் காலம். நமக்குக் கோடை என்பது பஞ்சம். அங்கே பூவைக் காட்டிக் கூப்பிடலாம். இங்கே தண்ணீரும் நிழலும் காட்ட வேண்டும். மா. கிருஷ்ணன், அ. மாதவையாவின் மகன், சென்னையில் இருந்துகொண்டு 1996-ல் இறக்கும்வரை காட்டையும் பறவையையும் பற்றி எழுதியவர், அயல் அலங்கார மரங்களின் மேல் நமக்குள்ள மோகத்தைச் சலிக்காமல் சாடினார். நான் அவரைப் படித்தது தொண்டியை விட்ட பிறகு. முன்னால் படித்திருந்தால் இரண்டு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

1995-ல் வேறு ஊர். பத்து வருஷம் கழித்துத் தொண்டிக்குப் போனபோது அந்த வீடு இல்லை, பாயும் இல்லை. பூவரசு மட்டும் புதிய மதிலுக்கு வெளியே நின்றது.

ஓய்வு பெற்று நெற்குப்பைக்கு வந்தபோது, அப்பத்தா தோட்டத்தில் வேம்பும் கல்யாண முருங்கையும்தான் மிச்சம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி உள்நாடு வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்ததே, அன்று விடிகாலை வேம்பும் விழுந்தது. வெட்டி எடுத்துப் போக ஆட்கள் வந்து விலை பேசினார்கள். கிளைகளைக் கொடுத்துவிட்டு அடிமரத்தை மட்டும் கிடக்கட்டும் என்றேன். "பாம்பு அடையும்" என்றார்கள். மனைவிக்கும் மனமில்லை. "நெற்குப்பைக்கு ஏத்த தோட்டம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த கோடையில் அந்த மரத்தில் கரையான் ஏறியது. கரையானைத் தேடி மரங்கொத்தி வந்தது. சருகைக் கிளறக் கொண்டலாத்தி வந்தது, விசிறியை விரித்தும் மடக்கியும். இப்போது காலைக் காபியை மனைவி தோட்டத்துப் படியில்தான் குடிக்கிறாள். பாம்பு ஒன்றிரண்டு முறை வந்தது உண்மைதான். அதன் வழியில் போயிற்று.

ஆனால் எங்கள் தெருவில் நல்ல பறவைத் தோட்டம் என்னுடையது அல்ல. இரண்டு வீடு தள்ளிப் பூட்டிக் கிடக்கும் வீட்டினுடையது. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பின்பக்கத் தோட்டத்தில் கொடுக்காப்புளி, நுணா, கோவைக்கொடி, ஈச்சம்புதர் எல்லாம் யாரும் நடாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. செம்போத்து அங்கேதான் கூப்பிடும். கோடை விடியலில் அந்த மதிலைத் தாண்டி வரும் சத்தத்தில் எத்தனை பறவை என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, திருவிழாவுக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ சித்திரை வைகாசியில் எல்லாரும் வருவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜேசிபி வந்து ஒரே பகலில் தோட்டத்தைச் செம்மண் மைதானமாக்கிவிட்டுப் போகும். சரியாகக் கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கிற நேரம். போன வருஷம் ஜேசிபி போன மறுநாள், கலைந்த மண்ணில் தவிட்டுக்குருவிகள் இறங்கி நின்று முழித்துக்கொண்டிருந்தன. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

ஊருக்கு வருகிற பங்காளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாசலைக் கூட்டுங்கள், வளவைக் கழுவுங்கள், முகப்புக்கு வெள்ளை அடியுங்கள். பின்தோட்டத்தை ஆவணி வரை விட்டுவையுங்கள். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு பழைய உரல் கிடக்கும். சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், தண்ணீர் நான் ஊற்றிக்கொள்கிறேன்.